முகம் அறியாதவர் சொல்

நாம் நேரிற் காணாத ஒரு பொருளைக் குறித்து, நாம் முகம் அறியாத ஒருவர், குரலும் கையெழுத்தும் ஏறிவர இடமில்லாத ஒரு மார்க்கத்தின் வழியே அனுப்பும் சொல்லை, எந்த ஆதாரத்தின் மேல் மெய்யென்று கொள்வது என்னும் கேள்வி, தர்க்கம் படித்த சாஸ்திரிகளின் திண்ணைகளோடு மறைந்துவிட்ட பழங்கேள்வி என்று கருதுவோர், இக்காலத்து மோட்டார் வாகனத் தொழிலின் உள்நடப்பைச் சற்றே நோக்குவாராயின் தம் கருத்தை மாற்றிக்கொள்வர். ஒரு மோட்டார் காருக்குள் ஆயிரக்கணக்கான உறுப்புகள் உள்ளன. அதன் நெற்றியிலே தன் பெயரைப் பொறித்து விற்கும் ஸ்தாபனம் அவற்றுள் பெரும்பகுதியைத் தானே செய்வதில்லை. விளக்கை ஒருவரும், இருக்கையை ஒருவரும், பிரேக்கை ஒருவரும், அந்தப் பிரேக்கினுள் இருக்கும் ஸ்பிரிங்கை வேறொருவரும், அந்த ஸ்பிரிங்குக்குரிய கம்பியை வேறு தேசத்திலுள்ள இன்னொருவருமாகச் செய்து தருகின்றனர். சப்ளையர் என்றும் வெண்டர் என்றும் தொழில் வழக்கில் வழங்கப்படும் இவர்களுக்கும் தலைமை ஆலைக்கும் இடையே, லாரியில் சரக்கு போவதற்கு வெகு முன்னரே கோப்புகள் போய்வரத் தொடங்குகின்றன: உறுப்பின் வரைபடம், வரும் வாரங்களில் எத்தனை வேண்டும் என்னும் ஷெட்யூல், இன்ன வண்டியில் இன்னது ஏற்றியாயிற்று என்னும் முன்னறிவிப்பு, இன்வாய்ஸ், சோதனைச் சாலையில் அளந்து கண்டவற்றின் அறிக்கை. அக்கோப்புகளில் ஓர் எண் பிழைத்தால் அசெம்பிளி லைன் நிற்கும். ஒரு வரைபடம் களவுபோனால் பல்லாண்டு உழைப்பு களவுபோகும். ஓர் அறிக்கை பொய்த்தால் மனிதர் மடிவர்.

ஆகவே, யாருடைய சொல்லை எதுவரையில் நம்புவது என்பதை இத்தொழிலார் ஒருவாறு தீர்த்தே ஆகவேண்டியிருக்கிறது. நம் தேசத்துத் தரிசனங்கள் பிரமாணம் என்னும் தலைப்பின்கீழ் நூற்றாண்டுக் கணக்கில் விசாரித்ததும் இதையே. மணிமேகலையின் இருபத்தேழாம் காதையில் பல சமயவாதிகளின் கொள்கைகளைக் கேட்கப் புகும் நாயகிக்கு முதலில் எதிர்ப்படுபவன் அளவைகள் பத்தென்று எண்ணிச் சொல்லும் அளவைவாதியே என்பது தற்செயலன்று. எதனால் அறிகிறோம் என்பதை நிர்ணயம் செய்யாமல் எதை அறிந்தோம் என்று வாதிடுவதில் பயனில்லை என்பது அக்காலத்தாருக்குத் தெளிவாயிருந்தது.

ஐரோப்பிய மோட்டார் தொழிலார் இவ்விஷயத்தில் நடந்துவந்த பாதை கவனிக்கத் தக்கது. ஒடெட்டே என்னும் பெயருடைய அவர்களது கூட்டமைப்பு 1986ஆம் ஆண்டிலேயே கோப்புகளை அனுப்பவும் பெறவும் ஒரு பொது நடைமுறையை வகுத்தது, ஓ.எஃப்.டி.பி. என்று அதனைச் சுருக்கி வழங்குவர். அன்று அக்கோப்புகள் எக்ஸ்.25 என்னும் தரவுத் தடங்களில் சென்றன. அத்தடங்கள் எல்லோரும் வந்துபோகும் பெருவீதிகளல்ல. விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்தியவருக்கே திறந்தவை. எனவே அவ்வழியாக ஒரு கோப்பு வந்தது என்பதே பாதி அத்தாட்சியாக இருந்தது. பின்னர் இணையம் என்னும் பெருவீதி திறந்தது, செலவு குறைந்தது, வேகம் மிகுந்தது, அவ்வீதியில் யார் வேண்டுமாயினும் யாருடைய வேடத்திலும் நடக்கலாம் என்பதும் சேர்ந்து வந்தது. வழி தந்த அத்தாட்சி போய்விட்டபடியால், அதனைக் கோப்பின் மேலேயே எழுதவேண்டியதாயிற்று. 2007ஆம் ஆண்டில் ஆர்.எஃப்.சி. 5024 என்னும் எண்ணோடு வெளியான அந்நடைமுறையின் இரண்டாம் வடிவம் இக்காரியத்தைச் செய்தது: கோப்பை மறையீடு செய்தல், அதன்மேல் ஒப்பமிடுதல், பெற்றவர் ஒப்பமிட்ட ரசீதைத் திருப்பி அனுப்புதல், பேசத் தொடங்குமுன் இரு தரப்பாரும் ஒருவரையொருவர் பரீட்சித்தல் ஆகிய நான்கும் அதில் இடம்பெற்றன.

இவ்வேற்பாட்டின் அடியில் இருக்கும் யுக்தி, ஒவ்வொருவருக்கும் ஒன்றுக்கொன்று துணையான இரண்டு சாவிகள் என்பது. ஒன்றை உலகறியக் கொடுத்துவிடலாம். மற்றொன்றை எவருக்கும் காட்டலாகாது. வெளிச்சாவியால் பூட்டியதை உட்சாவியால்தான் திறக்க முடியும். உட்சாவியால் இட்ட ஒப்பத்தை வெளிச்சாவி கொண்டு எவரும் சரிபார்க்கலாம். 1976இல் டிஃபி, ஹெல்மன் என்னும் இரு அமெரிக்கர் இவ்வெண்ணத்தை உலகுக்கு அறிவித்தனர். மறு ஆண்டிலேயே ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் என்னும் மூவர் அதற்குக் கணித வடிவம் தந்தனர். இதனைக் கொண்டே ஓ.எஃப்.டி.பி.யின் பரஸ்பர பரீட்சை நடக்கிறது. அழைத்தவரை நோக்கி அழைக்கப்பட்டவர், அவருடைய வெளிச்சாவியால் பூட்டிய அர்த்தமற்ற ஓர் எண்ணை எறிகிறார். அதைத் திறந்து அவ்வெண்ணையே திருப்பிச் சொல்ல முடிந்தால் அவர் அவரே. பின்பு இவரும் அவ்வாறே பரீட்சிக்கப்படுகிறார். பெரிய ஆலை கேள்வி கேட்கும், சிறிய பட்டறை பதில் சொல்லும் என்ற பேதம் இங்கே இல்லை என்பதை நான் ஒரு நற்குணமாகவே கருதுகிறேன். வியாபாரத்தின் பிற துறைகளில் இச்சமத்துவம் காணக் கிடைப்பதரிது.

இவ்வளவையும் சொன்ன பிறகு திருவெண்ணெய்நல்லூர் சபையை நினையாமலிருக்கத் தமிழ் படித்த ஒருவனால் இயலாது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் தடுத்தாட்கொண்ட புராணத்தில் விரித்துரைக்கும் அவ்வழக்கு, ஆவணம் ஒன்றை எவ்வாறு சோதிப்பது என்பதற்கு நம் மொழியில் உள்ள மிக நுட்பமான சித்திரம் என்று சொல்லத் துணிகிறேன். மணப்பந்தலுக்குள் புகுந்த முதியவர், மணமகனாகிய நம்பியாரூரர் தமக்கு அடிமை என்றும், அவருடைய பாட்டனார் எழுதிக்கொடுத்த ஓலை தம்மிடம் இருக்கிறது என்றும் வழக்காடுகிறார். ஓலையை நம்பி பறித்துக் கிழித்துவிடுகிறார். கிழிந்தது படியோலைதான், மூலவோலை பத்திரமாக இருக்கிறது என்று முதியவர் பின்னர் சபையிலே சொல்லும்போது, கோப்பின் பிரதி வேறு, மூலம் வேறு என்னும் பாடத்தை இக்காலத்துக் கணினிக் காரியஸ்தர்கள் எவரும் அவரிடமே கற்றுக்கொள்ளலாம் போலிருக்கிறது. சபையோர் அதன் பிறகு செய்தவை இன்னும் கவனிக்கத் தக்கவை. அனுபோகம், ஆவணம், அயலார் சாட்சி என மூன்றில் எதனால் நிறுவுவீர் என்று கேட்கின்றனர். மூலவோலை வெளிப்பட்டதும் கரணத்தான் அதனை வாசிக்கிறான். சாட்சிக் கையொப்பமிட்டவர்கள் தம் எழுத்தைப் பார்த்து ஒப்புகின்றனர். அதுவும் போதாதென்று, பாட்டனார் கைப்பட எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிடத்திலிருந்து வருவித்து, இரண்டையும் ஒப்பிட்டு, எழுத்து ஒத்திருக்கக் கண்ட பின்னரே தீர்ப்புச் சொல்கின்றனர்.

ஓலை கொணர்ந்த முதியவர் யார் என்பதைச் சபையோர் எப்பொழுது கேட்டனர் என்பதையே நான் இங்கே சுட்ட விரும்புகிறேன். தீர்ப்பு முடிந்த பிறகுதான், இவ்வூரில் உமது வீடு எது என்று கேட்டனர். அவர் திருவருட்டுறை ஆலயத்தினுள் புகுந்து மறைந்தார். ஓலையின் மெய்ம்மை கொணர்ந்தவரைச் சார்ந்திருக்கவில்லை; அது எழுதியவரின் கையையும் சாட்சிகளின் ஒப்பத்தையும் காப்பிடத்து மாதிரியையும் சார்ந்திருந்தது. இன்றைய கோப்பும் அப்படியே. எத்தனை சர்வர்கள், எத்தனை தேசங்கள், எத்தனை அறியாத கைகளின் வழியே வந்திருந்தாலும் அதன் ஒப்பம் ஒத்திருக்கிறதா என்பது ஒன்றே கேள்வி. அந்தக் காப்பிடத்து மாதிரி ஓலையின் ஸ்தானத்தில் இன்று நிற்பது டிஜிட்டல் சான்றிதழ்: இன்ன வெளிச்சாவி இன்ன ஸ்தாபனத்துக்குரியது என்று மூன்றாமவர் ஒருவர் ஒப்பமிட்டு உறுதிசொல்லும் பத்திரம்.

மூன்றாமவர் என்றதும் மீமாம்சகர்களும் நையாயிகர்களும் எழுந்து நிற்கின்றனர். ஓர் அறிவு மெய்யானது என்பது அவ்வறிவினாலேயே விளங்குமா, வேறொன்றின் துணையால் விளங்குமா என்பது அவர்களுக்குள் நடந்த நெடும் போர். குமாரில பட்டரைப் பின்பற்றிய மீமாம்சகர், அறிவு தோன்றும்போதே மெய்யென்னும் தகுதியோடு தோன்றுகிறது, பின்னால் பாதகமொன்று வந்து மறுத்தாலன்றி அத்தகுதி நீங்காது என்றனர், இது ஸ்வத:பிராமாண்யம். நையாயிகர் அவ்வாறு எளிதில் விடுவாரல்லர், அறிவு மெய்யா பொய்யா என்பதை அதற்குப் புறம்பான காரணங்களைக் கொண்டே தீர்மானிக்கவேண்டும் என்றனர், இது பரத:பிராமாண்யம்.

இவ்விரு சித்தாந்தங்களும் இன்றைக்கு இரண்டு கோப்பு மார்க்கங்களாக உருக்கொண்டு உலவுவதைக் கண்டு நான் வியந்ததுண்டு. சிறு பட்டறைக்காரர் பலர் பயன்படுத்துவது எஸ்.எஃப்.டி.பி. என்னும் எளிய வழி. அதற்கு ஆதாரமான எஸ்.எஸ்.எச். என்பதை ஃபின்லாந்தில் டாட்டு இலோனென் என்பவர், தம் பல்கலைக்கழக வலையில் கடவுச்சொற்கள் களவுபோனதைக் கண்டு 1995இல் இயற்றினார். அவ்வழியில் ஒரு சர்வரை முதன்முதல் அணுகும்போது, இவர் யாரென்று எனக்குத் தெரியாது, தொடரலாமா என்று யந்திரம் கேட்கிறது. ஆம் என்று தட்டினால் அச்சாவியைக் குறித்துவைத்துக்கொண்டு, அதன்பின் அதே சாவி வந்துகொண்டிருக்கும் வரையில் மௌனமாக அனுமதித்து, வேறு சாவி வந்த அன்று பெருங்குரலெடுத்துத் தடுக்கிறது. மறுக்கப்படாதவரை மெய் என்னும் குமாரிலரின் கொள்கையை இதைவிடத் திட்டமாக எவரும் கம்பியில் ஏற்றியிருக்க முடியாது. சான்றிதழ் மார்க்கமோ முழுக்க முழுக்க நியாய தரிசனம்: உன்னை உன் சொல்லால் நம்பேன், வேறொருவர் வந்து சொல்லட்டும்.

வேறொருவர் வந்து சொல்லலாம். அவருக்கு யார் சொல்வது? சான்றளிப்பவருக்கு மேல் ஒரு சான்றளிப்பவர், அவருக்கு மேல் இன்னொருவர் என்று ஏறிக்கொண்டே போனால் அது அனவஸ்தை என்னும் தோஷம். முடிவில்லாத சங்கிலி எதையும் தாங்காது. யந்திர உலகத்தார் இச்சங்கிலியை ஓரிடத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். உச்சியிலுள்ள மூலச் சான்றிதழுக்கு மேலே எவரும் இல்லை. அது தன்மேல் தானே ஒப்பமிட்டுக்கொள்கிறது. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்கீழ் நம் தேசத்தில் அமைந்த மூலச் சான்றளிப்பு அதிகாரமும் அத்தகையதே. பரத:பிராமாண்யம் என்று தொடங்கிய வாதம் ஸ்வத:பிராமாண்யத்தில் வந்து குடியேறுகிறது. நையாயிகர் மாளிகையின் அஸ்திவாரக் கல் மீமாம்சகரிடம் இரவல் வாங்கியதாக இருக்கிறது. இத்தகைய மூலச் சாவிகளைப் பிறப்பிக்கும் முறையைக் கேட்டால் இது இன்னும் விளங்கும். பூட்டிய அறை, முன்கூட்டியே எழுதிவைத்த கிரமம், ஒவ்வொரு படியையும் உரக்கச் சொல்லிச் செய்யும் அதிகாரிகள், பார்த்து ஒப்பமிடும் சாட்சிகள், ஒரே மனிதரால் திறக்கலாகாதபடி பலரிடம் பங்கிட்ட ரகசியம். யாகசாலையில் கிரமம் பிசகினால் பலன் பிசகும் என்ற வைதிகரின் கவலைக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை. தர்க்கம் நின்றுவிடும் இடத்தில் சடங்கு தொடங்குகிறது என்று இதனைப் பரிகசிப்பவர்கள் உண்டு. நான் பரிகசிக்கவில்லை. நிரூபிக்க முடியாத ஒன்றின்மேல் நிற்க நேர்ந்தால், அதன்மேல் பலர் காண, பயபக்தியோடு நிற்பதே தகும்.

உச்சி சரிந்தால் நேர்வது என்ன என்பதற்கும் உதாரணம் உண்டு. ஹாலந்து தேசத்தில் டிஜிநோட்டார் என்னும் சான்றளிப்பு ஸ்தாபனத்துக்குள் 2011ஆம் ஆண்டு அந்நியர் புகுந்து, ஐந்நூறுக்கு மேற்பட்ட பொய்ச் சான்றிதழ்களைத் தயாரித்துக்கொண்டனர். கூகிளின் பெயரில் அமைந்த ஒன்று ஈரானிய ஜனங்களின் கடிதப் போக்குவரத்தை ஒட்டுக்கேட்கப் பயன்பட்டது. கணிதத்தில் ஒரு பிழையும் இல்லை. ஒவ்வொரு பொய்ச் சான்றிதழும் ஒப்பத்தில் மாசற்றதாயிருந்தது. உலகத்து உலாவிகள் எல்லாம் அந்த ஸ்தாபனத்தின் பெயரைத் தம் நம்பிக்கைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டன. அவ்வாண்டு செப்டம்பரிலேயே அது திவாலாயிற்று. நம்பிக்கையைத் தவிர வேறு சரக்கு இல்லாத வியாபாரம் அது.

இவ்விடத்தில் சந்தேகவாதி ஒருவர் குறுக்கிட்டு, ஆகவே எதையும் நம்பலாகாது என்று முடிவுகட்டக்கூடும். அவருக்கு உதயனாசாரியர் நியாய குஸுமாஞ்சலியில் சொன்ன விடை இன்றும் போதுமானது: சந்தேகத்திற்கு எல்லை உண்டு, அது நம் சொந்த நடத்தையோடு முரண்படும் இடம். பசி தீருமா என்று உண்மையாகவே ஐயுறுபவன் உணவில் கைவைப்பதில்லை, கைவைத்தவன் ஐயுறவில்லை. ஸ்ரீஹர்ஷர் இதே சுலோகத்தைத் திருப்பிப்போட்டு உதயனரையே மடக்க முயன்றார் என்பது வேறு கதை. அவ்வாதத்தின் நயத்தை நான் ரசிப்பேனாயினும், ரசித்துக்கொண்டே அசெம்பிளி லைனை நடத்த முடியாது. மறுபுறத்தில், சந்தேகமே பாவம், நெடுநாள் பழகிய சப்ளையரிடம் சான்றிதழ் கேட்பது அவரை அவமதிப்பதாகும் என்று சொல்வோரும் உளர். கௌதமரின் நியாய சூத்திரம் எண்ணிய பதினாறு பதார்த்தங்களில் மூன்றாவதாக சம்சயம் இடம்பெற்றிருப்பதை இவர்கள் மறந்துவிடுகின்றனர். ஐயமில்லாத இடத்தில் விசாரணைக்கு வேலையே இல்லை. திருவெண்ணெய்நல்லூர் சபையோர் முதியவராக வந்த சிவபெருமானிடமே சாட்சி கேட்டனர். அவரும் கோபியாமல் காட்டினார்.

இவ்வகைச் சோதனைகளைச் சிறியோர் செலவாகவும் பெரியோர் சம்பிரதாயமாகவும் கருதுவதால் விளைவது என்ன? 2018ஆம் ஆண்டில், கனடாவிலுள்ள லெவல் ஒன் ரோபாடிக்ஸ் என்னும் ஸ்தாபனத்தின் கோப்புச் சர்வர் ஒன்று கடவுச்சொல்லும் இன்றித் திறந்து கிடப்பதை அப்கார்டு என்னும் ஆய்வு நிறுவனத்தார் கண்டனர். ஃபோர்டு, டொயோட்டா, ஃபோக்ஸ்வாகன் முதலிய நூற்றுக்கு மேற்பட்ட ஸ்தாபனங்களின் ஆலைப் படங்களும் யந்திர அமைப்புகளுமாக 157 ஜிகாபைட் அங்கே இருந்தன. இவற்றை எவரிடமும் வெளியிடமாட்டோம் என்று எழுதிக் கையொப்பமிட்ட ஒப்பந்தங்களும் அதே திறந்த பெட்டியில் கிடந்தன. ரகசியம் காப்பேன் என்னும் சத்தியப் பத்திரம் ரகசியத்தோடு சேர்ந்தே வெளியாவதைப் போன்ற ஒரு நிகழ்ச்சியைக் கற்பனை செய்து எழுதினால் மிகையென்று தள்ளிவிடுவார்கள்.

ஜப்பானில் 2022 பிப்ரவரி இறுதியில் நேர்ந்தது வேறுவகை. டொயோட்டாவுக்குப் பிளாஸ்டிக் உறுப்புகள் செய்து தரும் கோஜிமா இண்டஸ்ட்ரீஸ் என்னும் ஸ்தாபனத்தின் கணினிகள் தாக்கப்பட்டன. அதன் துணை நிறுவனமொன்று வெளியாரோடு தொடர்புகொள்ள வைத்திருந்த ஒரு கருவியின் குறையே வாயிலாயிற்று. ஷெட்யூல் போய்வர வழியில்லாமற் போகவே, மார்ச் 1ஆம் தேதி ஜப்பானில் உள்ள 14 டொயோட்டா ஆலைகளும் அவற்றின் 28 லைன்களும் ஒரு நாள் முழுவதும் நின்றன. உலகத்தின் மிகப்பெரிய கார் ஸ்தாபனங்களுள் ஒன்று, தன் சப்ளையரின் துணை நிறுவனத்திலுள்ள ஒரு சிறு கருவியின் தயவில் நடந்துகொண்டிருந்தது என்பது அன்று வெளிப்பட்டது. பெரியது சிறியதைத் தாங்குகிறது என்ற எண்ணம் எஜமானர்களுக்கு இயல்பு. தாங்குவது எது, தாங்கப்படுவது எது என்பது நின்றுபோன நாளில்தான் தெரிகிறது. ஓசூரிலும் ஒரகடத்திலும் கோயமுத்தூரிலும் பெரிய ஆலைகளுக்கு உறுப்பு செய்து தருவோர், ஆலையிலிருந்து வரும் பாதுகாப்பு நிபந்தனைப் பட்டியலைப் பார்த்து, இத்தனையும் நமக்கா என்று முணுமுணுப்பதில் நியாயம் இல்லாமலில்லை. நிபந்தனை விதிப்பவர் அதற்குரிய செலவிலும் பங்கேற்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம். ஆனால் முணுமுணுப்போடு நின்றுவிடலாகாது.

ஏற்பாட்டைச் செய்பவர்கள் சோம்பலால் தவறவிடும் ஒரு படியையும் குறிப்பிடவேண்டும். இரு தரப்பாரும் முதன்முதலாகச் சான்றிதழை மாற்றிக்கொள்ளும்போது அது பெரும்பாலும் மின்னஞ்சலில் வருகிறது. அம்மின்னஞ்சலை அனுப்பியவர் யார் என்பதற்கு அதுவே சாட்சியாகாது. இதற்காகவே ஒவ்வொரு சான்றிதழுக்கும் கைரேகை என்று சொல்லப்படும் ஓர் எழுத்துத் தொடர் உண்டு, எஸ்.எச்.ஏ. 256 என்னும் முறையில் அது 64 எழுத்தும் எண்ணுமாக இருக்கும். முன்பே அறிந்த தொலைபேசி எண்ணில் அழைத்து, ஒருவர் படிக்க மற்றவர் சரிபார்க்கவேண்டும். சில நிமிஷ வேலை; சலிப்பான வேலை. பலர் இதைச் செய்வதில்லை. எஸ்.எஸ்.எச். கேட்கும் முதற்கேள்விக்குப் படித்துப் பாராமல் ஆம் என்று தட்டுபவர்களும் இவர்களே. அத்தனை கணிதமும் இந்த ஒரு சலிப்பான சம்பாஷணையின் மேல் நிற்கிறது என்பதை எண்ணிப் பார்த்தால், முகம் அறியாதவர்களுக்கென்று அமைந்த இவ்வேற்பாட்டின் அடிமணையில் இன்னமும் ஒரு மனிதக் குரல் இருப்பது தெரியவரும். நம்பியாரூரருக்கு முதியவரின் உருவம் அன்பையும் அவர் சொல் கோபத்தையும் ஒருங்கே விளைத்தன என்று சேக்கிழார் சொல்கிறார். கோப்பு உலகில் உருவம் இல்லை. அன்புக்கோ வெறுப்புக்கோ அது இடம் தருவதில்லை. உருவம் போன இடத்தைக் குரலாவது சற்று நிரப்பட்டும்.

இதுவரை சொன்னவை எல்லாம் சொல் வந்த வழியைப் பற்றியவை. சொல் மெய்யா என்பது இவற்றுள் எதனாலும் தீர்வதில்லை. இதைத்தான் இக்கட்டுரையில் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இக்கோப்பு இன்னாரிடமிருந்து வந்தது, வழியில் மாறவில்லை, பிறர் படிக்கவில்லை, பெற்றவர் பெறவில்லையென்று பின்னால் மறுக்க முடியாது என்னும் நான்கையும் யந்திரம் ஐயமறக் காட்டுகிறது. உள்ளே இருப்பது பொய்யானால், அது இன்னாருடைய பொய், மாறாத பொய், பத்திரமாக வந்து சேர்ந்த பொய் என்று அதே நிச்சயத்தோடு காட்டும்.

டகாட்டா என்னும் ஜப்பானிய ஸ்தாபனம் கார்களுக்குரிய ஏர்பேக் செய்து உலகத்துப் பெரிய ஆலைகளுக்கெல்லாம் கொடுத்துவந்தது. அப்பைகளை ஊதச்செய்யும் கருவிகளின் சோதனை முடிவுகளைத் திருத்தி, பொய்யான அறிக்கைகளைக் கார் ஸ்தாபனங்களுக்கு அது பல்லாண்டுகளாகக் கொடுத்துவந்தது. உயிர் காக்கவேண்டிய கருவி வெடித்துச் சிதறி, அதன் உலோகத் துண்டுகளாலேயே பலர் மாண்டனர். 2017ஆம் ஆண்டில் கோபே ஸ்டீல் என்னும் எஃகு ஸ்தாபனமும், அலுமினியம், செம்பு முதலியவற்றின் தரவுகளைத் திருத்தி அனுப்பிவந்ததாக ஒப்புக்கொண்டது. அச்சரக்கை வாங்கியவர்கள் ஏறத்தாழ 500 ஸ்தாபனத்தார். இவ்விரு நிகழ்ச்சிகளிலும் எவரும் எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை, எவருடைய வேடத்தையும் எவரும் பூணவில்லை. அனுப்பவேண்டியவரே அனுப்பினார், பெறவேண்டியவரே பெற்றார்.

சொல்லை நம்பத்தக்கவனாகிய ஆப்தன் யார் என்பதற்கு வாத்ஸ்யாயனர் தம் நியாய பாஷ்யத்தில் கூறிய இலக்கணம் இங்கே பொருந்துவதுபோல் வேறெதுவும் பொருந்தாது. பொருளைத் தான் நேரே கண்டறிந்திருத்தல். கண்டபடியே பிறருக்கு அறிவிக்கவேண்டும் என்னும் விருப்பத்தால் பேசுதல். இவ்விரண்டும் உள்ளவன் ஆப்தன். இவ்விலக்கணம் ரிஷிகளுக்கும் ஆரியர்களுக்கும் மிலேச்சர்களுக்கும் பொது என்றும் அவர் சேர்த்துச் சொன்னார். வேதத்தின் மெய்ம்மையை நிறுவப் புகுந்த ஓர் ஆசிரியர், குலமும் தேசமும் பாராமல் கண்டவனையும் கண்டபடி சொல்பவனையும் அந்த ஆசனத்தில் அமர்த்தினார் என்பது எண்ணுந்தோறும் வியப்பளிக்கிறது. கோப்புப் பரிமாற்றத்தில் ஒப்பமிடும் சர்வர் இவ்விலக்கணத்தின் முதற்படியிலேயே தவறிவிடுகிறது: அது எதையும் கண்டதில்லை. அதற்கு ஆசையோ பயமோ இல்லையாகையால் பொய்யும் சொல்லாது என்று சிலர் அதனை உதாசீன சாட்சியாகப் போற்றுவர். பொய் சொல்ல இயலாதது என்பதால் மெய் சொல்லிற்று என்று ஆகிவிடாது. தான் சுமப்பது இன்னதென்றே அதற்குத் தெரியாது.

வழக்கத்திலுள்ள ஏற்பாட்டில் சான்றிதழ் ஸ்தாபனத்தின் பெயரில் இருக்கிறது. உட்சாவி சர்வரில் இருக்கிறது. கோப்பு எதுவாயினும், யார் எழுதியதாயினும், புறப்படும்போது அதே ஒப்பம் தானாக விழுந்துவிடுகிறது. ஸ்பிரிங்கின் அழுத்தத்தைச் சோதனைச் சாலையில் நின்று அளந்த மனிதரின் பெயர் அந்த ஒப்பத்தில் இல்லை. இன்வாய்ஸுக்கும் ஷெட்யூலுக்கும் இது போதும். அவற்றில் பொய் புகுந்தால் கணக்கில் தெரிந்துவிடும். ஆனால் உயிர் சம்பந்தப்பட்ட உறுப்பின் சோதனை அறிக்கைக்கு இது போதாது. இப்பரிமாற்றத்தைப் புதிதாக அமைக்கும் ஆலைக்காரர்களிடமும் அவர்களுக்குத் துணைசெய்யும் கணினிப் பொறியாளர்களிடமும் என் விண்ணப்பம் இது: கோப்பு செல்லும் வழிக்கு ஸ்தாபனத்தின் ஒப்பம் இருக்கட்டும், அறிக்கைக்குள்ளே, அது சர்வரை அடையுமுன்னரே, அளந்து கண்டவர் தம் சொந்தச் சாவியால் இட்ட ஒப்பமும் இருக்கவேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். அச்சாவியை அவருடைய மேலதிகாரியிடம் கொடுத்துவைக்கும் வழக்கத்தை அனுமதியாதீர்கள்.